துண்டு போட்டு வைத்தவள்

ஓடிவருகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் குறி தவறாமல் துண்டு வீசத் தெரிந்த பெண் என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான். விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் காலையில் திண்டிவனம் வண்டி திரும்பும்போதே நாங்களெல்லாம் பின்னால் ஓட ஆரம்பித்துவிடுவோம். ஆண்கள் வீசுவார்கள். பெண்கள் கைக்குட்டையை நீட்டி, "அண்ணா, அந்த சீட்டுல போட்டுடுங்கண்ணா" என்று யாரையாவது கெஞ்சுவோம். அவள் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பைக்குள்ளிருந்து பச்சைக்கரைத் துண்டை உருவுவாள், நாலு எட்டு ஓடுவாள், வீசுவாள். அது நேராகப் போய் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருவர் சீட்டில் ஜன்னல் பக்கமாக விழும்.

துண்டு அவள் அப்பாவுடையது. ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருப்பாள். "முடிச்சு இல்லாம வீசினா காத்துல திரும்பி வந்து நம்ம மூஞ்சிலயே அடிக்கும்டி" என்பாள். பெரிய விஞ்ஞானிதான், போ.

துண்டு விழுந்ததும் ஜன்னல் அடிக்குப் போய், கையில் இருக்கும் ஒயர் கூடையைத் தூக்கிக் கம்பி வழியாக உள்ளே இறக்கி, துண்டுக்குப் பக்கத்து இடத்தில் வைப்பாள். கூடைக்குள் மதியச் சோறு. பெரும்பாலும் புளிச்சோறும் வேர்க்கடலையில் அரைத்த மல்லாட்டைத் துவையலும். ஆக, துண்டுக்கு ஓர் இடம், கூடைக்கு ஓர் இடம். அதன்பிறகு மகாராணி மாதிரி நிதானமாகப் படி ஏறி வருவாள்.

திண்டிவனத்தில் அவள் வேலை செய்த கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள், ஆகா, நம் ஊர்க்காரி ஒருத்தி கிடைத்தாள், தினமும் சீட்டுக்குப் பஞ்சமில்லை என்று குளிர்ந்துபோய்க் கூடையை எடுக்கக் கை நீட்டினேன். வெடுக்கென்று தட்டிவிட்டாள்.

"ஏய், ஆள் வர்றாங்க."

சரி, யாரோ சொந்தக்காரர் என்று நின்றுகொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது. யாரும் வரவில்லை. கூடை சொகுசாக உட்கார்ந்து வந்தது, நான் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டியில் ஒரு பெண் கைக்குழந்தையோடும் ஒரு மூட்டையோடும் ஏறினாள். இவள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வாக்கா, ஒக்காரு" என்றாள்.

"இவங்கதான் உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"இல்லியே, இப்பதான் பாக்குறேன்."

"அப்ப ஆள் வர்றாங்கன்னியே?"

"வந்துட்டாங்கள்ல," என்றாள், ஏதோ நான்தான் கண் தெரியாதவள் என்பது மாதிரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மட்டுமா? எல்லா நாளும் இதே கதைதான். ஒரு நாள் மருந்துச் சீட்டோடு வரும் பெரியவர், ஒரு நாள் மீன் கூடைக்காரம்மா, ஒரு நாள் காலில் கட்டுப் போட்ட கல்லூரிப் பையன். யார் என்று அவளுக்கே தெரியாது. யாரோ வருவார்கள் என்பது மட்டும் தெரியும். ஒரு தடவை கூட்டேரிப்பட்டு தாண்டியும் யாருமே வரவில்லை. கண்டக்டர் கடுப்பாகி, "இன்னாம்மா, கூடைக்கு டிக்கெட் எட்த்தியா?" என்றார். இவள் கூசாமல் பர்ஸைத் திறந்து, "குடுங்கண்ணா, எட்த்துக்கிறேன்" என்று கூடைக்கும் டிக்கெட் வாங்கினாள். திண்டிவனம் வரைக்கும் கூடை டிக்கெட்டோடு வந்தது. பஸ்ஸே சிரித்தது. நான் அவளைத் தெரியாதவள் போல வெளியே பார்த்துக்கொண்டேன்.

முரட்டு ஆள் எவனாவது துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவதும் உண்டு. சண்டை போட்டுப் பார்ப்பாள். அவன் எழுந்திருக்கவில்லை என்றால் அன்றைக்கு அவளே நின்றுகொண்டு வருவாள், கூடை உட்கார்ந்து வரும். கூடையை மட்டும் எவனும் தொட்டதில்லை. "துண்டுன்னா தூக்கிப் போடுவானுங்க. இன்னொருத்தர் சோத்த எட்த்து கீழ வெக்க எவனுக்கும் மனசு வராதுடி" என்பாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் கம்பெனி திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளெக்ஸ் பேனர் கடைக்கு மேலே. முதலாளி, அவள், நான். அவ்வளவுதான் கம்பெனி. ஏசி போட்ட சின்ன அறையில் ஒரு சர்வர் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். ஊரில் இருக்கிற பள்ளிக்கூடம், லாட்ஜ், ரைஸ் மில், கோயில் நன்கொடை ரசீது, கல்யாணத்தை நேரலையில் காட்டுகிற வீடியோக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரே சர்வருக்குள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஒரு தனி கண்டெய்னர். ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்குக் குடிவைத்தது மாதிரி. ஒரு குடும்பத்துச் சத்தம் இன்னொன்றுக்குக் கேட்காது. அந்தக் கண்டெய்னர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன் எடுத்துத் திட்டு வாங்குவது என் வேலை.

அவள் வருவதற்கு முன்னால் எந்தக் கண்டெய்னர் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சர்வரில் சின்னதாக, படு வேகமாக ஒரு டிஸ்க் இருந்தது. ஓரளவு பெரிதாக ஒன்று. மலை மாதிரி பெரிதாக, ஆனால் ஆமை வேகத்தில் இன்னொன்று. முன்னால் இருந்தவன் அவற்றுக்கு 'நியூ', 'நியூ டூ', 'ஃபைனல்' என்று பேர் வைத்து எல்லாரையும் முதல் டிஸ்கில் அடைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எது எங்க ஒக்காந்துக்கினு இருக்குது?" முதலாளி சர்வரைக் கையால் காட்டி, "எல்லாம் உள்ளதாம்மா இருக்குது" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

அடுத்த வாரத்துக்குள் டிஸ்குகளின் பேர் மாறிவிட்டது. வேகமான டிஸ்குக்கு 'ஜன்னல்', நடுத்தரமானதற்கு 'நடு', ஆமைக்கு 'கடைசி'. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்வாள். அதுவும் நிரந்தரமாக இல்லை. ஆடி பிறந்தால், "கல்யாணம் கெடையாது, நீ போயி கடைசில ஒக்காரு" என்று கல்யாண நேரலையைப் பின்னால் அனுப்பிவிட்டு, கூழ் ஊற்றும் கோயில்களின் ரசீதுக் கண்டெய்னரை ஜன்னலுக்குக் கொண்டுவருவாள். ஆவணி வந்தால் கல்யாணத்துக்கு ஜன்னல், கோயில் பின்னால். பரீட்சை முடிவு வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல். அறுப்புக் காலத்தில் ரைஸ் மில்லுக்கு. ஒன்றை நகர்த்த வேண்டுமானால் கொஞ்ச நேரம் அதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "சார், உங்களுத எடம் மாத்துறோம், ஒரு அஞ்சு நிமிஷம் வராது" என்று சொல்ல வேண்டும். வாங்காத வசவா? ஆனால் போகப் போக அவர்களுக்கே இந்த வியாதி தொற்றிக்கொண்டது. அனந்தபுரத்து ரைஸ் மில்காரர் ஒரு பை வறுத்த மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"யம்மா, எங்களுக்கும் ஒரு ஜன்னல் சீட்டு பாத்துக் குடும்மா. எப்பப் பாத்தாலும் கடைசிலயே வெச்சிருக்கீங்களாமே."

"அறுப்பு வரட்டும் சார், முன்னாடி வந்துடலாம்," என்று மல்லாட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அதிலும் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைத்தாள். சாயங்காலம் கொரியர்காரர் வந்தார், அவருக்கு. ஆயுத பூஜைப் பொரியிலும் இதே கூத்துதான்.

ஒரு நாள் அவள் திரையை எட்டிப் பார்த்தபோது ஜன்னல் டிஸ்கில் பிரமாண்டமாக இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றின் பேர் 'துண்டு'. இன்னொன்று 'சோத்துக்கூடை'. ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்.

"இதுக்குள்ள இன்னாடி இருக்குது?"

"ஒண்ணுமே இல்ல. வெறும் பூஜ்யம்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ எடம்?"

"டிஸ்கு ரொம்பி மூச்சு முட்டும் பாரு, அன்னைக்கு எதையும் அழிக்கவும் முடியாது, நவுத்தவும் நேரம் இருக்காது. இத எட்த்தா உடனே எடம் வரும். எவனுக்காவது தேவப்படும்."

"எவனுக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன் துண்டு போடுறேன்?"

முதலாளிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேபிள் டிவியில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். நல்ல மனுஷர், ஆனால் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். மாடிப்படிக்கு அடியிலேயே ஜெராக்ஸ் மெஷின் வைத்தவர். "இருக்குற டிஸ்குல காத்த ரொப்பி வெச்சிருக்காளே" என்று என்னிடம் புலம்புவார். அவளிடம் சொல்லத் தைரியம் கிடையாது.

இவ்வளவு பேருக்கு இடம் வைத்தவள் எனக்கு வைத்தாளா என்று கேட்டால், ஒரே ஒரு தடவை. முந்தின நாள் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள். காபி, பஜ்ஜி எல்லாம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரியே போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிறம் கம்மியாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பவுடர் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒக்காரு."

"ஆள் வருவாங்களே."

"வந்துட்டாங்க, ஒக்காருடி."

பின்னால் இரண்டு வயதானவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களை அவள் பார்க்கவேயில்லை. உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கூடையைத் திறந்து, அந்தக் காலை நேரத்திலேயே மதியப் புளிச்சோற்றை எடுத்து என் கையில் வைத்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பவுடரெல்லாம் கரைய அழுதுகொண்டே புளிச்சோறு சாப்பிட்ட பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அந்த ஆவணி முகூர்த்தத்துக்கு வருகிறேன்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணுக்குத் திண்டிவனத்து மண்டபத்தில் கல்யாணம். அப்பா இல்லை. அண்ணன்தான் வளர்த்தது. அந்த அண்ணன் வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். லீவு கிடைக்கவில்லை. அவர் இருந்த ஊரில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசத் தடை, மெசேஜ் மட்டும்தான் போகும். அதனால் கல்யாணத்தை எங்கள் நேரலையில்தான் அவர் பார்க்க வேண்டும். முந்தின வாரமே என்னைப் போனில் பிடித்துவிட்டார்.

"யம்மா, தங்கச்சி ஒரே பேஜாரு பண்ணிக்கினு இருக்குதும்மா. அண்ணன் பாக்குறேன்னு மெசேஜ் வந்தாத்தான் தாலிக்குக் கழுத்தக் குனிவேங்குது. சொன்னா செய்ற பொண்ணும்மா அது. எப்பிடியாவது நின்னு போவாம பாத்துக்குங்க."

"ஜன்னல் சீட்டே குடுத்துட்டோம்ணா, கவலப்படாதீங்க," என்று நான் பெருமையாகச் சொன்னேன். பக்கத்திலிருந்து அவள் முறைத்தாள். ஜம்பமடிப்பது அவளுக்குப் பிடிக்காது.

கல்யாணத்தன்று அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. "நீ மொத வண்டில போயி பாத்துக்கினு இரு, நான் அடுத்ததுல வந்துடுறேன்" என்று என்னை அனுப்பினாள். போய் உட்கார்ந்தேன். திரையில் மேளச் சத்தம். சிவப்புப் பட்டில் பொண்ணு மணையில் வந்து உட்கார்ந்தது, பக்கத்தில் மாப்பிள்ளை. நான் டீயை வாய்க்குக் கொண்டுபோனேன். படம் நின்றுவிட்டது. ஐயர் அட்சதைத் தட்டை நீட்டியபடி அப்படியே உறைந்துபோனார்.

முதல் போன் அண்ணன்காரர். "யம்மா, நின்னுச்சும்மா." இரண்டாவது போன் மண்டபத்து வீடியோக்காரர். "அக்கா, லைவ் போவல. பொண்ணு கழுத்த வெறப்பா வெச்சிக்கினு ஒக்காந்திருக்குது. ஐயர் வாட்சப் பாக்குறாரு. நல்ல நேரம் முடியப் போவுதாம்." அண்ணன்காரரின் லைனைத் துண்டிக்காமல் அந்த போனை மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவதாக நான் அவளைக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் கத்துவது கேட்டது.

"எங்க ரொம்பிச்சு? ஜன்னல்லயா, நடுவுலயா?"

பார்த்தேன். வீடியோ வர வர டிஸ்கில் எழுதி, அங்கிருந்துதான் வெளியே போகும். எழுத ஒரு துளி இடமில்லை. "ஜன்னல்லதான்."

"துண்ட எட்த்துடு."

தேடினேன். "துண்டு இல்லடி."

"இன்னா இல்ல?"

"துண்டக் காணோம். அதுக்குப் பதிலா பெருசு பெருசா ஏதோ வீடியோ இருக்குது."

பின்னால் முதலாளி தொண்டையைக் கனைத்தார். திரும்பிப் பார்த்தால் மனுஷன் சுவரோடு சுவராக நிற்கிறார். "அது வந்தும்மா... எங்க ஊரு தீமிதி. டிரோன்ல எட்த்தது. ராத்திரி ஏத்தலாம்னு பாத்தா எடம் பத்தல. துண்டுன்னு ஒண்ணு காலியாதான் இருந்துச்சு..."

"சார், அழிச்சிடட்டுமா?"

"அய்யய்யோ, ஒரே காப்பிம்மா. எங்க அண்ணன் தீ மிதிக்கிறாரும்மா அதுல." திரைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வேறு டிஸ்குக்கு நகர்த்தலாம் என்றால் அந்த அளவுக்கு அரை மணி நேரம் ஆகும். அரை மணியில் நல்ல நேரம் போய்விடும், பொண்ணு குனியாது, குனியாத பொண்ணுக்குத் தாலி கட்ட முடியாது.

எல்லாம் போனில் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "அவர்கிட்ட நான் வந்து பேசிக்கிறேன். சோத்துக்கூடை இருக்குதா பாரு."

அவள் சொன்னது அந்த பஸ் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஒன் கூடை சீட்டுலதாம்மா இருக்குது, எவனும் எட்த்துக்கினு போவல" என்றது.

"இது இல்லக்கா, அது வேற. ஒரு கல்யாணம் நிக்குதுக்கா."

"இன்னாது, கல்யாணம் நிக்குதா?"

அவ்வளவுதான். பஸ் மொத்தமும் போனுக்குள் வந்துவிட்டது. எந்த ஊருப் பொண்ணு, மாப்பிள்ளை ஓடிட்டானா, வரதட்சணையா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இவள் அவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு எனக்கும் சொல்கிறாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தேன். வீடியோக்களுக்கு நடுவில், தொடாமல், பத்திரமாக, சோத்துக்கூடை.

"இருக்குது. இருக்குதுடி."

"தெரியும். எட்த்துடு."

"வேற எதையாவது அழிச்சிட்டன்னா?"

"கூடைய மட்டும்தான் எடுக்கப்போற. நான் பக்கத்துல இருக்கேன்ல? சொல்றத அப்பிடியே அடி."

ஓர் எழுத்து அவள் சொல்ல, ஓர் எழுத்து நான் அடித்தேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டினேன். டிஸ்கில் இடம் பளிச்சென்று திறந்தது. நேரலையை மறுபடி ஓட விட்டேன். ஐயரின் கையிலிருந்த தட்டு நகர்ந்தது.

அண்ணன்காரர் லைனில் இருந்த போனை மேசையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தேன். "வருதும்மா" என்றார். "வருது. தங்கச்சி தெரியுது. குட்டி எப்பிடி முறைச்சிக்கினு ஒக்காந்திருக்குது பாரு." சிரித்தார். மெசேஜ் அனுப்பினார். திரையில் ஒரு பையன் மேடையேறி, பொண்ணின் கண்ணுக்கு முன்னால் செல்போனைக் காட்டினான். அவள் அதைப் படித்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். முறைப்பெல்லாம் கலைந்து, குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கழுத்தைக் குனிந்தாள். கெட்டிமேளம் காதைப் பிளந்தது. எனக்குக் கண்ணெல்லாம் மறைத்துவிட்டது.

"இன்னாடி ஆச்சு, சொல்லித் தொலை," என்றாள் பஸ்ஸிலிருந்து.

"கட்டியாச்சுடி, கட்டியாச்சு."

அவள் அதைத் திருப்பிச் சொன்னாளோ இல்லையோ, பஸ்ஸில் ஒரே கைதட்டல். குதூகலத்தில் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். டிரைவர் கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், ஒரு ஸ்டாப்பும் இல்லாத இடத்தில், சடக்கென்று பிரேக் போட்டார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரும் திட்டவில்லையாம், எல்லாரும் சிரித்தார்களாம். அவள் கூடைதான் உருண்டு, புளிச்சோறு கொஞ்சம் கொட்டிவிட்டது.

அண்ணன்காரர் இன்னும் லைனில் இருந்தார். அழுகையைத் துடைத்துக்கொண்டது குரலில் தெரிந்தது. "யம்மா, கூடை, கூடைன்னு நீங்க ஏதோ பேசிக்கினு இருந்தீங்களே. அத்த எட்த்ததாலதான் வந்துச்சா?"

"ஆமாண்ணா. எங்க கூட இருக்குற பொண்ணு ஒண்ணு எடம் போட்டு வெச்சிருந்தா."

"யாருக்குப் போட்டு வெச்சாங்க?"

"உங்களுக்குத்தாண்ணா," என்றேன்.

அவள் படியேறி வந்தபோது நானும் முதலாளியும் எழுந்து நின்றோம். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கூடையை மேசையில் வைத்தாள், துண்டைத் தோளில் போட்டாள், இடுப்பில் கை வைத்தாள். விழுப்புரம் பஸ்ஸில் நான் நூறு தடவை பார்த்த அதே நிலை.

"என் துண்ட எட்த்தது யாரு?"

"காலியாத்தானம்மா இருந்துச்சு," என்றார் முதலாளி, பாதிக் குரலில்.

"பஸ்ஸுல துண்டு போட்ட சீட்டும் காலியாத்தான் சார் இருக்கும். எட்த்துப் போட்டுட்டு ஒக்காந்துடுவீங்களா?"

அவர் பஸ்ஸில் அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"சரி, துண்டதான் எட்த்தீங்க. கூடைய ஏன் உட்டீங்க?"

"சோத்துக்கூடைன்னு பேரு போட்டிருந்துச்சேம்மா. அத்த எப்பிடித் தூக்கிப் போடுறது?" என்றார். பாவம், மனசார சொன்னார்.

அவள் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். முதலாளியும் சிரித்தார். நான் கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன். முதலாளியின் அண்ணன் தீ மிதிக்கிற வீடியோவை அவளே கடைசி டிஸ்குக்கு நகர்த்தினாள். "பத்திரமா இருக்கும், அவசரமில்லாத ஆளு" என்றாள். ஜன்னலில் மறுபடியும் ஒரு துண்டைப் போட்டாள், பக்கத்தில் ஒரு சோத்துக்கூடையை வைத்தாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "இப்ப சொல்லு, பொண்ணு இன்னா கலர் பொடவை?" என்று கேட்டாள்.

பிறகு அவளுக்குப் பெங்களூரில் பெரிய வேலை கிடைத்தது. போகும்போது அந்தத் துண்டை ஞாபகமாக எனக்குக் கொடுப்பாள் என்று நினைத்தேன். எங்கே கொடுத்தாள்? "பெங்களூரு பஸ்ஸுல எனக்கு யாருடி எடம் போடுவாங்க?" என்று சுருட்டி எடுத்துப் போய்விட்டாள். கொஞ்ச நாள் பேசினோம், பிறகு நம்பர் மாறிவிட்டது. நானும் கல்யாணமாகித் திண்டிவனத்துக்கே குடிவந்துவிட்டதால் இப்போது பஸ்ஸும் இல்லை.

சர்வர் இரண்டு முறை மாறிவிட்டது. ஜன்னல், நடு, கடைசி என்கிற பேர்கள் மாறவில்லை. போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கெட்டிக்காரர், பெரிய காலேஜில் படித்தவர். வந்த முதல் வாரமே சர்வரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்.

"அக்கா, ஜன்னல்ல ரெண்டு பெரிய ஃபைலு சும்மா கெடக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல, எடத்த அடைச்சிக்கினு இருக்குது. தூக்கிடட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்தேவிட்டார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. போய்ப் புதியவரின் கையை மவுஸிலிருந்து மெதுவாக எடுத்து விட்டார்.

"தொடாதப்பா," என்றார். "ஆள் வர்றாங்க."